இந்த வாரம் அந்த நெனப்பு வந்துச்சா?

சங்கரன்கோவில்ல பேசியே பொழைக்கவங்க நெறைய பேரு உண்டு, தரகரு, வக்கீலு, ஜோசியரு, இன்சூரன்ஸ் ஏஜெண்டுன்னு. அடுத்தவங்களப் பேச வச்சுப் பொழைக்கவ நான் ஒருத்திதான்.

வேலைக்குப் பேரு முதியோர் மனநல ஆலோசகர். போர்டுல அப்படித்தான் எழுதியிருக்கு. ஊருக்குள்ள 'பேசுத டாக்டரம்மா'. நான் டாக்டரு இல்லன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சுப்போச்சு. மருந்து எழுத திருநெல்வேலில இருந்து வாரத்துக்கு ஒருக்க ஒரு மனநல டாக்டர் வாராரு. மத்த நாள்ல நானும் நர்ஸு முத்துலட்சுமி அக்காவுந்தான். படபடப்பு, தூக்கமில்லாம கெடக்கது, என்னன்னு தெரியாத பயம், 'போதும்டா சாமி இந்த உசுரு'ங்கிற எண்ணம், இதெல்லாம் சொமந்துக்கிட்டு வார பெரியவங்களோட உக்காந்து பேசணும். முக்கியமா, அவங்கள பேச விடணும். அம்புட்டுதான் சோலி.

உங்க வீட்லயும் அறுவது தாண்டுன ஆளு ஒண்ணாவது இருக்கும். விடியக்காலம் முழிச்சு மேல சுத்துத ஃபேனையே பாத்துக்கிட்டுக் கெடக்கும். என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லம்பாங்க. அதனால நீங்களும் நானும் ஒரே கூட்டந்தான், ஒரே பாடுதான். ஆளுங்க பேரு, அடையாளம் எல்லாம் மாத்தித்தான் சொல்லுதேன்.

மாடிப்படி

எங்களது சின்ன தனியார் ஆஸ்பத்திரி. முதியோருக்குன்னு தனிப் பிரிவு ஆரம்பிச்சப்போ, எந்த மகராசன் யோசனையோ, எனக்கு ரூம் கொடுத்தது மாடியில. லிஃப்ட் கெடயாது. முட்டுவலிக்காரங்க, மூச்சு வாங்குதவங்க, கண்ணு மங்கலானவங்க எல்லாம் கைப்பிடியப் பிடிச்சு ஏறி வந்து நாற்காலில தொப்புன்னு விழுவாங்க. "நெஞ்சு படபடன்னு அடிக்கா?"ன்னு கேட்பேன். ஆமான்னுதான் சொல்லுவாங்க. அது பயத்துல அடிக்க நெஞ்சா, படி ஏறுனதுல அடிக்க நெஞ்சான்னு யாரு கண்டா?

குருவிகுளத்துப் பக்கமிருந்து ஒரு பெரியம்மா வந்தாங்க. பாதிப் படியிலயே உக்காந்துட்டாங்க. நான் எறங்கிப் போயி அந்தப் படியிலயே பக்கத்துல உக்காந்தேன். புருசன் போயாச்சு, மகன் திருப்பூர்ல, மக கோயம்புத்தூர்ல. தனி வீடு. பொழுது சாஞ்சா வீட்டுக்குள்ள யாரோ வந்து நிக்காப்ல இருக்கும்னாங்க. கதவச் சாத்தினமா சாத்தலையான்னு எந்திரிச்சு எந்திரிச்சுப் பாத்து ராவு கழிஞ்சிரும்னாங்க. எக்ஸ்ரே எடுக்க வந்தவன், கட்டு மாத்த வந்தவன் எல்லாரும் எங்களத் தாண்டித் தாண்டிப் போனாங்க. அந்தம்மா அதையெல்லாம் சட்டை பண்ணாம பேசித் தீத்தாங்க. கடைசில நான், "அடுத்த வாரம் மேலயே வந்துருங்க பெரியம்மா, ரூம்ல ஃபேன் இருக்கு, சௌகரியமா உக்காரலாம்"னேன். என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டுச் சொன்னாங்க:

"மேல ஏறி வார தெம்பு இருந்தா நான் எதுக்குட்டி ஒங்கிட்ட வாரேன்?"

ஊரே சொல்லுத வார்த்தை

அந்தம்மா புண்ணியத்துல கீழ எக்ஸ்ரே ரூமுக்குப் பக்கத்துல ஒரு எடம் கெடச்சது. ஜன்னல் கெடயாது, ஆனா படியும் கெடயாது.

எங்க தொழில்ல கட்டாயம் கேட்டே ஆகணும்னு ஒரு கேள்வி உண்டு. சாகணும்னு தோணுதா? சுத்தி வளைக்காம, முகத்தப் பாத்து, நேராக் கேக்கணும். கேட்டா இல்லாத எண்ணம் வந்துருமோன்னு வீட்டுக்காரங்க பதறுவாங்க. வராது. உள்ள இருக்கது வெளிய வரும், அவ்வளவுதான். படிக்கையில இதச் சொல்லிக் கொடுத்தப்போ, இதுக்கு ஆமான்னு ஒருத்தரு சொன்னா உலகமே நின்னுபோவும்னு நெனச்சிருந்தேன். இங்கன வந்து கேட்டா எல்லாரும் ஆமாங்காங்க! எங்க பக்கம் வயசானவங்களுக்கு அது 'சாப்டாச்சா' மாதிரி ஒரு பேச்சு. எப்படி இருக்கியன்னு கேட்டா, "இருக்கேன், இன்னும் கூப்பிடல"ம்பாங்க. பஸ்ல சீட்டு கெடைக்கலன்னா போய்ச் சேந்தா தேவல. காப்பில சீனி கம்மின்னா என்னைய எப்பத்தான் கொண்டுபோவப் போறானோ. மருமக முறைச்சாலும் சாவு, மழை பொய்ச்சாலும் சாவு. இதுல எது வாய்ப்பேச்சு, எது நெசம்னு பிரிக்கதுக்குள்ள எனக்குத் தலைமுடி நரைச்சுப்போச்சு.

ஒரு நாள் சாயங்காலம் வெளிநோயாளிங்க எல்லாரும் போன பெறவு, முத்துலட்சுமி அக்காட்ட இதச் சொல்லிப் பொலம்பினேன். அக்கா பஞ்சச் சுருட்டி டப்பாவுல போட்டுக்கிட்டே சொன்னாங்க:

"ஏட்டி ஜெபா, இதுக்கு ஆமான்னு சொன்னவங்கள எல்லாம் அட்மிட் போடணும்னா, தேரடில இருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கட்டில் போடணும்."

பூட்டு

கரிசக்காட்டுக்காரரு ஒருத்தரு. மழை ஏமாத்துன வருசம். சோளம் காஞ்சுபோயி, மனுசன் பேச்ச நிறுத்திட்டாரு. அவரு ஆமான்னு சொன்ன விதத்தக் கேட்டு நான் எந்திரிச்சுட்டேன். மகனக் கூப்பிட்டு, மொதல்ல வீட்ல இருக்க வயக்காட்டு மருந்தையெல்லாம் எடுத்து வெளிய எங்கயாவது பூட்டி வைங்கன்னேன். அவனுக்குக் கோவம் வந்துட்டு. எங்கப்பாவப் பேசிச் சரிபண்ணுங்கன்னு கூட்டியாந்தா மருந்தப் பூட்டச் சொல்லுதிய, அது என்ன செஞ்சதுன்னு கேட்டான். வேணும்னா கடைல வாங்க மாட்டாரான்னு வேற கேட்டான்.

எல்லாரும் இதத்தான் கேக்காங்க, அதனால உங்களுக்கும் சேத்துச் சொல்லுதேன். அந்த நெனப்பு வந்தா அப்படியே நிலையா நிக்காது. ஏறும், கொஞ்ச நேரம் ஆட்டி வைக்கும், பெறவு தணியும். தணியுத வரைக்கும் கைக்கு எட்டுத எடத்துல ஒண்ணும் இருக்கக் கூடாது. கடைக்குப் போற நேரத்துக்குள்ள பல உசுரு தப்பிச்சிருக்கு. அரைமனசாத்தான் கேட்டுக்கிட்டான். எல்லாத்தையும் தூக்கி மோட்டார் ரூம்ல வச்சுப் பூட்டி சாவிய அரைஞாண்ல கட்டிக்கிட்டான். அடுத்த தடவ அந்தப் பெரியவரு வந்தப்போ முகத்துல கொஞ்சம் ரத்தம் ஓடுச்சு. நான் பேசுனது எதுவும் அவருக்கு ஞாபகமில்ல. அவரு சொன்னது இதுதான்:

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து என்னைய நெனச்சுப் பாக்காத பய, இப்ப நேரத்துக்கு ஒருக்க இடுப்புச் சாவியத் தடவிப் பாக்கான் தாயி."

சாரோட குடை

இளையரசனேந்தல் பக்கம் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆன ஒரு சார். எங்க சர்ச்சு சபைக்காரருதான். வந்து உக்காந்தாருன்னா குறைதான். ஃபேன் சத்தம் போடுது, டீ வெந்நி மாதிரி இருக்கு, எனக்கு லகரம் ஒழுங்கா வரல, பாதிரி ஐயரு பிரசங்கத்த முடிக்கவே மாட்டேங்காரு. உள்ளுக்குள்ள பெரிய வேதனை ஒண்ணு இருந்துச்சு. விசுவாசம் இருக்கவனுக்குப் பயம் வரலாமா, எனக்கு வருதே, அப்போ நான் இத்தன வருசம் செஞ்ச ஜெபம் எல்லாம் என்னதுன்னு கேப்பாரு. அதச் சொல்லும்போது குரலு தழஞ்சுபோவும். போய்ச் சேந்தா தேவலன்னு அவரும் சொல்லுவாரு, எல்லாரயும் போல.

ஒரு வாரம் வந்தாரு, ஆளே மாறியிருந்தாரு. ஷேவ் பண்ணி, இஸ்திரி போட்ட சட்டை. ஃபேன் காத்து நல்லாருக்குன்னாரு. அந்த டீயப் பாராட்டினாரு. அந்த டீய டீக்கடைக்காரனே பாராட்ட மாட்டான். போவும்போது முத்துலட்சுமி அக்காட்ட, வெயில்ல நடந்து போறியள்லா, வச்சுக்கிடுங்கன்னு தன் குடையக் கொடுத்துட்டுப் போனாரு. நாங்க ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டோம், சாரு தேறிட்டாருன்னு. அந்த வாரமே போயிட்டாரு.

எப்படின்னு என்ட்ட கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். ஊரே அதத்தான் கேட்டுச்சு. ஏன்னு கேக்க ஒரு நாதி இல்ல. வீட்ல ஹார்ட் அட்டாக்குன்னு சொல்லி அடக்கம் பண்ணினாங்க. கல்லறைத் தோட்டத்துல எம்பக்கத்துல நின்ன அவரு அடுத்த வீட்டுக்காரரு, கண்ணத் தொடச்சுக்கிட்டே சொன்னாரு:

"போன ஞாயித்துக்கெழம கோயில்ல எங்கூட சிரிச்சுச் சிரிச்சுப் பேசினாரே, நல்லாத்தான இருந்தாரு!"

கூப்பிட ஆளு

அதுக்குப் பெறவு, பொலம்புத ஆளப் பாத்தா எனக்குப் பயமில்ல. பொலம்பிக்கிட்டே இருந்து நிறுத்துன ஆளப் பாத்தாத்தான் பயம்.

அந்தப் பயத்தோட இருக்கையிலதான் ஆறுமுகம் அண்ணாச்சி வந்தாரு. டவுணுல பெரிய பாத்திரக்கடை. சின்ன வயசுல சைக்கிள்ல அலுமினியச் சட்டி கட்டி வித்து, கொஞ்சங் கொஞ்சமா ஏத்திக் கொண்டாந்த கடை. இப்ப மகன் செந்தில் கைல. கண்ணாடிக் கதவு, ஏசி, கம்ப்யூட்டர் பில்லு. "அப்பா, நீங்க ரெஸ்ட் எடுங்க"ன்னு சொல்லி வீட்ல உக்கார வச்சுட்டான். மரியாதையாத்தான் சொன்னான். ஆனா தெனமும் கடை ஷட்டர் தூக்குத நேரத்துக்கு அண்ணாச்சிக்கு நெஞ்சு அடிக்க ஆரம்பிச்சிரும், கை வேர்க்கும், இன்னைக்கோட முடிஞ்சோம்னு இருக்கும். திருநெல்வேலி, மதுரைன்னு கூட்டிப்போயி எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு. ஒண்ணுமில்லன்னு சொல்லி எங்ககிட்ட அனுப்பிட்டாங்க.

அவரு சம்சாரம் ரொம்ப நாள் படுக்கையில கெடந்து போயிருக்காங்க. பீ மூத்திரம் அள்ளுனதெல்லாம் அண்ணாச்சிதான். தானும் அப்படிக் கெடைல விழுந்துருவோமோங்கிறதுதான் பயத்துக்கு அடி வேரு. நான் கேள்வியக் கேட்டேன். விரல்ல மோதிரத்த ஒரு சுத்து சுத்தினாரு. பெறவு, உண்டு தாயின்னாரு. இது வாய்ப்பேச்சு இல்லன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. டாக்டரு மாத்திரை எழுதினாரு. நான் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தேன். அந்த நெனப்பு வந்தா ஒடனே கூப்பிட ஆளு வேணும், யாரக் கூப்பிடுவிய, பேரச் சொல்லுங்க அண்ணாச்சின்னேன். விரல மடக்கி, சைக்கிள் காலத்துக் கூட்டாளி ஒருத்தரு, மச்சினன் ஒருத்தரு, மார்க்கெட்ல ஒரு பாய்னு ஒவ்வொருத்தராச் சொன்னாரு. யாருக்காவது போன் நம்பர் இருக்கான்னு கேட்டேன். சிரிச்சாரு.

"நான் கூப்பிடுதவங்க எல்லாம் எனக்கு முன்னாலயே போயிட்டாவளே தாயி."

கிர்ர்ரு சத்தம்

ஒரு மனுசனுக்கு எந்திரிச்சுப் போவ ஒரு எடம் வேணும். அதுவும் வைத்தியந்தான். பேச்சுவாக்குல, கடைல அண்ணாச்சிக்கு ரொம்பப் பிடிச்ச வேலை எதுன்னு கேட்டேன். பேரு வெட்டுறதுன்னாரு. கல்யாணச் சீர், அன்பளிப்புன்னு குடம், அண்டா, குத்துவிளக்கு வாங்குனா, கைமெஷின வச்சு கிர்ர்ருன்னு பேரு பொறிச்சுக் கொடுப்பாங்கள்லா, அது. அவரு எழுத்து அச்சு மாதிரி விழுமாம். செந்தில கூப்பிட்டு, அப்பா தெனமும் காலைல கொஞ்ச நேரம் கடைக்கு வந்து பேரு வெட்டட்டும்னேன். வாடிக்கைக்காரங்க பாத்தா என்ன நெனைப்பாங்கன்னு முனங்கினான். வயசான காலத்துலயும் அப்பனப் போட்டு வாட்டுதான்னு ஊரு பேசுமாம். நான் விடல.

கதவோரமா ஒரு ஸ்டூலு போட்டுக் கொடுத்தான். நெஞ்சடிப்பு கொறைஞ்சது. சோறு எறங்குச்சு. எனக்குச் சந்தோசந்தான், பொய் சொல்லுவானேன். ஆவணி பொறந்து கல்யாணச் சீசன் சூடு பிடிச்சப்போ அண்ணாச்சி எங்ககிட்ட வாரது நின்னுபோச்சு. செந்திலுக்குப் போன் போட்டேன். அவன் குரல்ல அவ்வளவு தெளிச்சி.

"அப்பா பொலம்புததே இல்ல மேடம், எந்நேரமும் சிரிச்ச முகமா இருக்காரு, இனி உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?"

தேதி மட்டும்

சிரிச்ச முகம்னு கேட்டதும் எனக்கு சாரோட குடைதான் ஞாபகம் வந்துச்சு. மறுநாள் காலைலயே கடைக்குப் போனேன். முத்துலட்சுமி அக்கா மக கல்யாணத்துக்கு ஒரு எவர்சில்வர் குடம் வாங்கணும்னு சாக்கு. அண்ணாச்சி ஸ்டூல்ல இருந்தாரு. வா தாயின்னு அவ்வளவு பிரியமாக் கூப்பிட்டாரு. வாங்குன குடத்த மடில வச்சு எம்பேர வெட்ட ஆரம்பிச்சாரு. அவரு காலடில ஒரு சாக்கு மூட்டை, உள்ள டம்ளரு. சும்மா ஒண்ண எடுத்துப் பாத்தேன்.

எங்க பக்கம் சில வீடுகள்ல பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வாரவங்களுக்கு எறந்தவங்க பேரு வெட்டுன டம்ளரோ தட்டோ கொடுத்தனுப்புவாங்க. பேரு, கீழ எறந்த தேதி. இந்த டம்ளர்ல 'அமரர் சு. ஆறுமுகம் நினைவாக'ன்னு இருந்துச்சு. கீழ தேதிக்கு எடம் விட்டிருந்துச்சு. இன்னொண்ணு எடுத்தேன், அதுவும் அப்படியே. மூட்டை பூராவும் அப்படியே. கடைல நெடுங்காலமா நிக்க மாரியப்பண்ணன் அந்தப் பக்கமா வந்தாரு. இது யாரு வீட்டு ஆர்டருன்னு கேட்டேன். "ஏதோ ஒரு ஆறுமுகம் மேடம், நம்ம ஊர்ல ஆறுமுகத்துக்கா பஞ்சம்?"னு சொல்லிட்டு அவரு பாட்டுக்குப் போயிட்டாரு. மூட்டைய அவருதான் தெனமும் எடுத்து வச்சிருக்காரு. செந்திலும் பாத்திருக்கான். எல்லாரும் பாத்திருக்காங்க! எந்த ஆறுமுகம்னு ஒருத்தருக்கும் கேக்கத் தோணல.

நான் டம்ளரப் படிக்கத அண்ணாச்சி பாத்துட்டாரு. மறைக்கல. மெஷின நிறுத்திட்டு, சரக்கு காட்டுதாப்ல டம்ளர வாங்கி வெளிச்சத்துல திருப்பிக் காட்டினாரு.

"தேதி மட்டுந்தான் பாக்கி தாயி, அத செந்திலு வெட்டிக்கிடுவான், ஆனா அவனுக்குக் கை ஆடும்."

யாவார நேரம்

அங்கன வச்சே கேட்டேன். எப்போன்னு முடிவு பண்ணியிருக்கிய அண்ணாச்சி? கூச்சமே இல்லாம பதில் சொன்னாரு. ஆவணி மொகூர்த்தம் எல்லாம் முடியட்டும்னு இருக்காராம். நடுவுல போனா கடையப் பூட்டணும்லா, சீசன் யாவாரம் கெட்டுப்போவுமாம். பாத்திரக்கடைக்காரன் வீட்டு விசேஷத்துக்கு வெளிய ஆள் வச்சு பேரு வெட்டுனா அசிங்கமாம், அதனாலதான் இத முதல்ல முடிச்சு வச்சாராம். நான் ஸ்டூலு பக்கத்துலயே தரைல உக்காந்துட்டேன். அவர விட்டு நகரல. மாரியப்பண்ணன அனுப்பி கல்லால இருந்த செந்தில கூப்பிட்டு டம்ளர அவன் கைல கொடுத்தேன்.

படிச்சான். மொதல்ல புரியல. புரிஞ்சதும் மூஞ்சி வெளுத்துப்போச்சு. பெறவு என் மேலதான் பாஞ்சான். எங்கப்பாவுக்கு என்ன குறை வச்சேன், ஏசி ரூம், தனி பாத்ரூம், கேட்டதெல்லாம் வாங்கித் தாரேனேன்னான். மெதுவாப் பேசுங்க மேடம், கஸ்டமரு நிக்காங்க, கடைக்குப் பேரு கெட்டுப்போவும்னான். எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம்! "கஸ்டமரு நிக்கட்டும்யா, உங்கப்பா நிக்கணுமா வேண்டாமா?"ன்னு கத்திட்டேன். குக்கர் பாத்துக்கிட்டிருந்த பொம்பளைங்க எல்லாரும் திரும்பிட்டாங்க. அப்ப அண்ணாச்சி என் கையப் பிடிச்சு இழுத்தாரு.

"அவன ஏசாத தாயி, யாவார நேரம்."

அப்பனும் மகனும்

அன்னைக்கே டாக்டர்ட்ட பேசி ஆஸ்பத்திரில சேத்தோம். மாத்திரைய மாத்தினாங்க. வீட்ல எடுத்துப் பூட்ட வேண்டியத செந்திலே எடுத்துப் பூட்டினான். டம்ளர் மூட்டைய பழைய பாத்திரத்துக்குப் போட்டுட்டான். அதுல மட்டும் அண்ணாச்சிக்குக் கொஞ்ச நாள் வருத்தம், நல்ல கெட்டித் தகடாம்.

பெறவு வாராவாரம் ரெண்டு பேரயும் சேத்து உக்கார வச்சேன். அது ஒரு கொடுமை. அப்பன் செவத்தப் பாப்பாரு, மகன் செல்லப் பாப்பான். ரெண்டு பேரும் யாவாரம் தவிர வேற எதுவும் பேசியே பழகல. ஒரு நாள் செந்தில் ஒடஞ்சு அழுதுட்டான். ஏம்ப்பா, எங்கள விட்டுட்டுப் போவத் துணிஞ்சியளே, நாங்க உங்களுக்கு யாரும் இல்லையான்னு கேட்டான். அண்ணாச்சி அப்பத்தான் வாயத் தொறந்தாரு. உங்கம்மா கெடந்த கெடைய நான் பாத்தேன், எனக்கு அப்படி ஆயிட்டா யாருலே அள்ளுவா, அந்தப் பாவம் உம் பொண்டாட்டிக்கு வேண்டாம்னாரு. செந்தில் மூக்க உறிஞ்சிக்கிட்டே, அவ எதுக்கு, நான் கழுவி விட மாட்டேனாப்பான்னான். நான் கூட கண்ணத் தொடச்சேன். அண்ணாச்சி அவன ஏற எறங்கப் பாத்தாரு.

"நீ குடிச்ச காப்பி டம்ளரயே கழுவ மாட்டியலே."

ஆளக் காணோம்

கார்த்திகைல ஒரு நாள் அண்ணாச்சி வர வேண்டிய நேரத்துக்கு வரல. தாமசமாவுது போலன்னு இருந்தேன். அடுத்த ஆளு வந்து பேசிட்டுப் போயாச்சு. அவரு சொன்ன ஒரு வார்த்தையும் என் காதுல ஏறல. போன் அடிச்சா அண்ணாச்சி போனு அவரு வீட்டுக் கட்டில்ல கெடந்து அடிக்கு. மருமகதான் எடுத்தாங்க, காலைலயே கெளம்பிட்டாருன்னாங்க. கடைலயும் இல்ல. செந்தில் வண்டிய எடுத்துக்கிட்டு ஓடி வந்தான். ஒதடு வெளுத்து, செருப்புக் கூட மாத்தி மாட்டியிருந்தான். மாரியப்பண்ணன் சங்கரநாராயணர் கோயிலுக்குள்ளயும் தெப்பக்கொளத்துப் பக்கமும் தேடப் போனாரு. முத்துலட்சுமி அக்கா சாமி படத்துக்கு முன்னால போயி நின்னுட்டாங்க. நானும் ஜெபம் பண்ணினேன். சாரு முகந்தான் வந்து வந்து நின்னுச்சு. அழுகையா வந்துச்சு, அழுதா நடந்துருமோன்னு பயந்துக்கிட்டு அழல.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டி, வேர்க்க விறுவிறுக்க, தோள்ல ஒரு பையோட அண்ணாச்சி உள்ள நுழைஞ்சாரு. நேரா பஸ் ஸ்டாண்டுல இருந்து வாராரு. திருவேங்கடத்துல ஒரு கல்யாண வீட்டுக்குக் கொடுத்த சீர்ப் பாத்திரத்துல பேரு வெட்ட விட்டுப்போச்சாம். விடிஞ்சா கல்யாணம். கடைல சொன்னா, நீங்க எதுக்குப்பா அலையுதிய, ரெஸ்ட் எடுங்கம்பான்னு, யாருட்டயும் சொல்லாம கைமெஷினப் பையில போட்டு டவுண் பஸ்ஸுல ஏறிப் போயிட்டாரு. செந்தில் அப்பன் கையப் பிடிச்சுக்கிட்டு வாயில வந்தபடி ஏசுதான், கண்ணுல தண்ணி கொட்டுது. "ஏலே, ஒரு கெழவன் ஒரு நேரம் கண்ணுல படலன்னா செத்துத்தான் போயிருப்பானா?"ன்னு அண்ணாச்சி பதிலுக்கு ஏசினாரு. எங்க முகத்தையெல்லாம் ஒருக்க சுத்திப் பாத்தாரு. சத்தம் தன்னால எறங்கிட்டு.

அக்கா டீ வாங்கிக் கொடுத்தாங்க. குடிச்சு முடிக்கட்டும்னு இருந்து, ரூமுக்குள்ள கூட்டிப்போயி, வாராவாரம் கேக்க கேள்வியக் கேட்டேன். அண்ணாச்சி, இந்த வாரம் அந்த நெனப்பு வந்துச்சா? இல்லன்னு சொல்லுவாருன்னு ஆசையா இருந்துச்சு எனக்கு. அவரு பொய் சொல்லல.

"வந்துச்சு தாயி, இன்னைக்குப் போவையில வழில வந்துச்சு, நின்னுக்கிட்டே வந்தேனா, கண்டக்டரு சில்லறைக்கு ஏசுனான், நானும் விடல, திருவேங்கடம் வார வரைக்கும் சண்டை, அதுல அந்த நெனப்பு விட்டுப்போச்சு."

மத்த தொழில்ல வாடிக்கைக்காரங்க திரும்பி வந்தா யாவாரம் நல்லா நடக்குன்னு அர்த்தம், என் தொழில்ல திரும்பி வந்தா இன்னும் இருக்காங்கன்னு அர்த்தம், அதுக்கு மேல ஆசப்பட எனக்குத் தைரியம் கெடயாது.